சாவா மூவாப் பேராடு: திருச்சுழி வறண்ட நிலத்தில் ஒரு கோயிலும் அதன் மந்தையும்

ஊர்க் கோயிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அரசனிலிருந்து தொடங்குவார்கள். கட்டியவன் யார், எந்தக் காலம், என்ன பாணி என்று விவரம் வரிசையாக வரும். அந்தக் கோயிலில் ஓர் இரவு விளக்கு எரிய நெய் கொண்டுவந்தவர் யார், அந்த நெய் எந்த வருமானத்திலிருந்து வந்தது, மழை பொய்த்த ஆண்டில் அதற்கு என்ன வழி என்ற கேள்விகளுக்கு இடம் குறைவு. ஆனால் கோயில் ஊருக்கு என்னவாக இருந்தது என்பதை அறிய இந்தக் கேள்விகள்தான் உதவும். கோபுரத்தை ஒரு முறை கட்டினால் போதும். விளக்கை நாள்தோறும் ஏற்றியாக வேண்டும்.

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே திருச்சுழியும் நரிக்குடியும் அடங்கிய வறண்ட நிலத்தில் இந்தக் கேள்விகளுக்கு விடை தரும் கோயில் ஒன்று உண்டு. திருச்சுழியை ஒட்டிய பள்ளிமடத்தில் இருக்கும் காளநாத சுவாமி கோயில் அது. பெரிய கோயிலன்று, பயண நூல்களிலும் அதற்குப் பெரிய இடமில்லை. ஆயினும் அதன் சுவர்க் கற்களில் சமணப் பள்ளி ஒன்றின் நினைவும், பாண்டியன் ஒருவனின் சமாதியும், ஆட்டு மந்தைகளின் கணக்கும் ஒருங்கே கிடக்கின்றன. 1914ஆம் ஆண்டில் சென்னைக் கல்வெட்டுத் துறையினர் அவற்றைப் படியெடுத்தார்கள். பாண்டியர் கல்வெட்டுகளுக்கென வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் 14ஆம் தொகுதியில் அவற்றின் பாடங்கள் அச்சேறின.

அந்தக் கல்வெட்டுகளைப் பாண்டிய நாட்டின் பிற கோயில் ஆவணங்களோடு சேர்த்துப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. வானம் பார்த்த பூமியில் கோயில், தலைமுறை தாண்டிய வாக்குறுதிகளைக் காக்கும் ஊர் நிறுவனமாக இருந்தது. அந்த வாக்குறுதிக்கு ஈடாக நின்ற முதல், ஆடு. அதைச் சுமந்தவர்கள் மேய்ச்சல்காரர்கள். கோயிலின் வரலாற்றில் அரசனுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்கும் உரியது.

நிலமும் ஆறும்

இன்று நரிக்குடி, விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். 1985 வரை இப்பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தோடு இருந்தது. கரிசலும் செவலும் மாறி மாறி வரும் மண். வடகிழக்குப் பருவமழை கண்மாயை நிரப்பினால் நெல். நிரப்பாவிட்டால் மானாவாரிப் பயிர். அதுவும் பொய்த்தால் ஆடுதான் கதி. குண்டாறு திருமங்கலம் பக்கமிருந்து வந்து திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கிப் போகிறது. ஆண்டில் பல மாதங்கள் அது மணலாகவே கிடக்கும். வெள்ளம் வந்தால் சில நாளில் வந்து சில நாளில் வடிந்துவிடும்.

வெள்ளத்தோடு இந்த ஊருக்குள்ள உறவு தலபுராணத்திலும் உண்டு. ஊழி வெள்ளம் எழுந்தபோது சிவபெருமான் சுழியொன்றை உண்டாக்கி அந்த நீரை நிலத்துக்குள் இறக்கினார் என்பது திருச்சுழித் திருமேனிநாதர் கோயிலின் கதை. எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரர் இத்தலத்தின் மேல் பதிகம் பாடியிருப்பதால், பாடல்பெற்ற பாண்டி நாட்டுத் தலங்கள் 14இல் இதுவும் ஒன்று. சேரமான் பெருமாளோடு சுந்தரர் இங்கே வந்து தங்கியதையும், கனவில் இறைவன் காளை வடிவில் தோன்றிக் கானப்பேருக்கு அழைத்ததையும் சேக்கிழார் சொல்கிறார். கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோயில். இதே திருச்சுழியில்தான் 1879 டிசம்பர் 30ஆம் நாள் ரமண மகரிஷி பிறந்தார். ஆக, திருச்சுழிக்குப் பெயர் உண்டு, புராணம் உண்டு, அடியார் கூட்டம் உண்டு. பக்கத்துப் பள்ளிமடத்துக்கு இருப்பது கல்லெழுத்து. வரலாற்று ஆய்வாளருக்கு அந்தக் கல்லெழுத்து பெரும் புதையல்.

ஒரு சுவரில் மூன்று காலங்கள்

பள்ளிமடத்துக் கோயிலில் உள்ள கற்களில் சில முதலில் வேறொரு கட்டடத்தைச் சேர்ந்தவை. வெண்புநாட்டுக் குறண்டியில் இருந்த திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் கற்கள் இங்கே வந்து சேர்ந்திருப்பதைக் கல்வெட்டறிஞர்கள் அவற்றின் வாசகத்தைக் கொண்டே கண்டறிந்தார்கள். குறண்டியும் இதே வட்டாரத்து ஊர்தான்.

அந்தப் பள்ளி எவ்வளவு பெரிய நிறுவனமாக இருந்தது என்பதற்கு மதுரைச் சமணமலை சான்று. கீழக்குயில்குடி மலையில் செட்டிப்புடவு என்னும் குகைப் பகுதியில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்களுக்குக் கீழே, அவற்றைச் செய்வித்தவர்களின் ஆசிரியர் வரிசை பொறித்திருக்கிறது. குறண்டியைச் சேர்ந்த அட்டோபவாசி படாரர், அவருடைய மாணாக்கர் குணசேனதேவர், அவருடைய மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று மூன்று தலைமுறை அங்கே வரிசையாக நிற்கிறது. அந்த உருவத்தைக் குயில்குடி ஊராரின் பெயரால் செய்வித்ததாகவும் கல்வெட்டு சொல்கிறது. கரிசல் நாட்டு ஊர் ஒன்றில் படித்த துறவிகள் மதுரை மலையில் பள்ளி நடத்தியிருக்கிறார்கள். ஊரார் அதைத் தம் பெயரால் ஏற்றிருக்கிறார்கள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இந்த வறண்ட வட்டாரம் கல்விக்கு ஆசிரியர்களை அனுப்பிய பூமி.

அப்படிப்பட்ட பள்ளியின் கற்கள் சிவன் கோயிலுக்குள் வந்ததைப் பார்த்தவுடன் இடிப்பு, வெற்றி, பழிவாங்கல் என்று கதை கட்டிவிடத் தோன்றும். கல் இடம் மாறியதை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டுவது முறையன்று. ஆதரவாளர் குறைந்து பாழான கட்டடத்தின் கல்லை அடுத்த கட்டடத்துக்கு எடுத்துக்கொள்வது கல் அரிதான எல்லா ஊரிலும் நடந்த வழக்கம். கரிசல் காட்டில் செதுக்கிய கல்லின் மதிப்பு சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: கொடுத்தவர்களின் பெயரையும் கொடையின் கணக்கையும் சுமந்த கல், சமயம் மாறிய பிறகும் கோயில் கல்லாகவே நிலைத்தது.

இரண்டாவது அடுக்கு, சமாதி. பள்ளிமடத்துக் கல்வெட்டுகள் இக்கோயிலைத் திருச்சுழியல் பள்ளிப்படை சுந்தரபாண்டிய ஈசுவரம் என்று குறிக்கின்றன. பள்ளிப்படை என்பது இறந்தவரின் நினைவிடத்தின் மேல் எழுப்பும் கோயில். சோழ நாட்டில் இதற்குப் பல எடுத்துக்காட்டுகள் உண்டு. முதலாம் ஆதித்தனுக்குத் தொண்டைமானாற்றூரிலும், அரிஞ்சயனுக்கு மேல்பாடியிலும், பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பகுதியிலும் இப்படிக் கோயில்கள் எழுந்தன. பாண்டிய நாட்டில் அந்த வகைக்குப் பள்ளிமடம் அரிய சான்று. சுந்தரபாண்டியன் என்ற அரச குலத்தானின் நினைவு மதுரையில் நிலைபெறாமல் குண்டாற்றங்கரையில் நிலைபெற்றிருக்கிறது.

மூன்றாவது அடுக்கு, கொடைகள். சோழன் தலைகொண்ட என்ற பட்டத்தோடு குறிக்கப்படும் வீரபாண்டியனின் ஆட்சிக் காலத்தில், அதாவது பத்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இக்கோயிலில் விளக்கெரிக்கப் பலர் ஆடு கொடுத்தார்கள். அந்தக் காலப் பாண்டிய நாட்டில் வழங்கியது வட்டெழுத்து. வீரபாண்டியனின் முடிவு நல்லதாக இல்லை. அவனைப் போரில் வென்று தலைகொண்டதாகச் சோழ இளவரசன் இரண்டாம் ஆதித்தன் பெயர் பெற்றான். பிறகு பாண்டிய நாடே சோழர் கைக்குப் போனது. தலைகொண்டவன் தலையிழந்த அந்த அரசியல் கொந்தளிப்புக்கு நடுவிலும் விளக்குக் கணக்கு கல்லில் தங்கிவிட்டது.

ஆடு எப்படி விளக்கானது

இந்தக் கொடையின் இயக்கத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒருவர் கோயிலுக்கு நொந்தா விளக்கு, அதாவது இரவும் பகலும் அணையாத விளக்கு ஒன்று வைக்க விரும்புகிறார். அதற்காக ஆடு கொடுக்கிறார். பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் ஒரு முழு விளக்குக்கு 50 ஆடு என்ற கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது. அரை விளக்குக்கு 25. சோழ நாட்டில் அதே விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. கோயில் இந்த ஆடுகளைத் தன் கொட்டிலில் கட்டி வைத்துக்கொள்வதில்லை. ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருக்கும் இடையர் ஒருவரிடம் ஒப்படைக்கிறது. அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யைக் கோயிலுக்கு அளக்க வேண்டும். நாராய நாழி என்ற அளவு முகவையைப் பல கல்வெட்டுகள் பெயர் சொல்லியே குறிக்கின்றன; அளவில் ஏமாற்று நேராமல் காக்கும் ஏற்பாடு அது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நான்கு உழக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 365 உழக்கு என்றால் 91 நாழியும் ஓர் உழக்கும். அதை 50 ஆட்டுக்குப் பங்கிட்டால் ஓர் ஆட்டுக்கு ஆண்டுக்கு ஏழு உழக்குக்குச் சற்று மேல், கிட்டத்தட்ட இரண்டு நாழி நெய். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் ஆடு ஆண்டு முழுவதும் கறப்பதில்லை. குட்டி போட்ட சில மாதங்களே பால். அதிலும் குட்டிக்கு விட்டது போகத்தான் மீதி. கிடாய்களும் மறிகளும் நெய் தராது. ஆகவே நெய் தட்டாமல் கிடைக்க, எல்லா ஆடும் ஒரே பருவத்தில் ஈனாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், அல்லது மழைக்குப் பின் பசும்புல் உள்ள மாதங்களில் உருக்கி வைத்த நெய்யைக் கோடைக்குச் சேமிக்க வேண்டும். வெண்ணெய் கெடும், நெய் நிற்கும். விளக்குக் கொடை நெய்யாகக் கேட்கப்பட்டதற்கு இந்த நடைமுறைக் காரணமும் உண்டு.

இந்த ஆடுகளுக்குக் கல்வெட்டில் சாவா மூவாப் பேராடு என்று பெயர். ஆடு சாகும், கிழடாகும். எண்ணிக்கை மட்டும் குறையக் கூடாது. ஒன்று செத்தால் குட்டியொன்று அதன் இடத்துக்கு வர வேண்டும். 50க்கு மேல் பெருகியது இடையருக்கு. உழக்கு நெய் போக மிஞ்சிய பால், தயிர், ஆட்டெரு, வயலில் எருவுக்காக மந்தையை அடைத்துப் பெறும் கிடைக் கூலி எல்லாம் அவருக்கு. ஐம்பது ஆட்டை முதலாகப் பெற்று ஒரு மந்தையைத் தொடங்க முடிந்த இளைஞருக்கு இது வாழ்க்கையைத் தூக்கி நிறுத்தும் வாய்ப்பு. கொள்ளை நோய் வந்து பாதி மந்தை போனாலோ அதே ஏற்பாடு கழுத்தை இறுக்கும் கயிறு. உழக்கு நெய் தட்டக் கூடாது. எண்ணிக்கையும் குறையக் கூடாது.

அதனால்தான் பிணை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடு பெற்ற இடையர்களின் பெயரோடு அவர்களுடைய உறவினர் பெயர்களும் வரிசையாக வருகின்றன. ஒருவர் தவறினால் அடுத்தவர் பொறுப்பு. தனி மனிதரின் கடன் உறவுமுறையின் கடனாகிறது. ஆயுளோடு முடிய வேண்டிய ஒப்பந்தம் வம்சத்தின் ஒப்பந்தமாகிறது. கல்வெட்டின் கடைசியில் இந்தத் தருமம் பன்மாகேசுவரர் காவலில் என்று எழுதுவார்கள். அடியார் கூட்டமே சாட்சி, அடியார் கூட்டமே காவல். தனிப்பட்ட மேலாளர் ஒருவரை நம்பாமல் ஊரறிந்த கூட்டத்திடம் ஒப்படைத்த ஏற்பாடு இது.

நெல் வட்டியும் நெய் வட்டியும்

இந்த ஏற்பாட்டின் தனித்தன்மை, அதே பாண்டிய நாட்டின் ஆற்றுப் பாசனப் பகுதியோடு வைத்துப் பார்க்கும்போது இன்னும் துலக்கமாகும். ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரத்துக் கோயிலுக்கு 290 காசு கொடுத்தான். இளங்கோக்குடிச் சபையார் அதைப் பெற்றுக்கொண்டு, காசொன்றுக்கு ஆண்டுக்கு இரு கலம் நெல் வீதம் 580 கலம் நெல் அளக்க ஒப்பினார்கள். முதல் கையைவிட்டுப் போகாது, வட்டியில் நாள் வழிபாடு நடக்கும். திருச்செந்தூரில் அதே பெயருடைய அரசனின் கொடை இன்னும் பெரியது: 1400 காசு. அதைப் பல ஊர்ச் சபைகளிடமும் நகரங்களிடமும் பகிர்ந்து வைத்து, அதே இரு கலம் வீதத்தில் நெல் பெற ஏற்பாடு செய்தார்கள்.

ஆற்றங்கரையில் முதல் காசு, வட்டி நெல், பொறுப்பு சபைக்கு. குண்டாற்று வறண்ட நிலத்தில் முதல் ஆடு, வட்டி நெய், பொறுப்பு மேய்ச்சல் குடிக்கு. ஆற்றங்கரையிலும் விளக்குக்கு ஆடு கொடுத்தவர்கள் உண்டு; ஆனால் அங்கே அது பல வழிகளில் ஒன்று. கண்மாய் நிரம்புவதே உறுதியில்லாத ஊரில் நெல் வட்டியை எந்தச் சபை நம்பி ஏற்கும்? ஆட்டுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. மழை இல்லாத ஊரைவிட்டு மழை பெய்த ஊருக்கு அது நடந்து போகும். வறட்சியைச் சமாளிக்க மந்தையோடு இடம்பெயர்வது இராமநாதபுரச் சீமை மேய்ச்சல்காரர்களின் நெடுநாள் வழி. கீதாரி எனப்படும் மந்தைத் தலைவர்களின் வழிகாட்டலில் மந்தைகள் இன்றும் அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சைப் பக்கம்வரை போய்க் கிடை போடுகின்றன. நிலத்தோடு கட்டுண்ட முதலைவிட நடக்கும் முதலே இந்த மண்ணுக்குப் பொருத்தம் என்பதைக் கொடையாளரும் கோயிலாரும் உணர்ந்திருக்க வேண்டும்.

கோயிலின் பொருளாதாரப் பணியைப் பற்றிய ஆய்வுகளில் பெரிதும் பேசப்பட்டது, பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் திருப்பதியை வைத்து எழுதிய கட்டுரை. விஜயநகரக் காலத்தில் திருமலைக்கு வந்த கொடைப் பணம் கோயில் கிராமங்களில் பாசன வேலைகளுக்குத் திரும்பிப் போய், அதனால் கூடிய விளைச்சலிலிருந்து வழிபாட்டுச் செலவு நடந்ததை அவர் காட்டினார். நுண்ணிய ஆய்வு அது. ஆனால் அரசர்களும் தளபதிகளும் பெருந்தொகை கொட்டிய பெருங்கோயிலை வைத்துச் சின்னஞ்சிறு ஊர்க் கோயிலை முழுக்க விளங்கிக்கொள்ள முடியாது. இங்கே கொடை மழைநீர்போல மேலிருந்து கீழே இறங்கவில்லை. ஊரின் மந்தையிலிருந்து நெய்யாகக் கோயிலுக்குப் போய், கோயிலின் பெயரால் முதலாக மறுபடி மேய்ச்சல் குடிக்கே வந்தது.

ஐரோப்பிய ஊர்க் கோயில்களில் அதே கணக்கு

இந்த ஏற்பாடு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இடைக்கால ஐரோப்பாவின் கிராமத் தேவாலயங்களிலும் விளக்கும் மெழுகுத்திரியும் ஊராரின் பொறுப்பாக இருந்தன. பிரான்சில் ஊர்த் தேவாலயத்தின் கூரை, மணி, விளக்கு ஆகியவற்றின் வரவு செலவைக் கவனிக்க ஊராரிலிருந்தே அமைந்த குழுவுக்கு ஃபப்ரீக் என்று பெயர். பாதிரியார் வழிபாட்டை நடத்துவார். கட்டடமும் விளக்கும் ஊரார் கணக்கு.

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் மோர்பாத் என்ற சிற்றூர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முப்பத்து மூன்று குடும்பங்கள் கொண்ட அந்த மேட்டு நிலத்து ஊரில் 1520 முதல் 1574 வரை கிறிஸ்டோபர் டிரைக்கே என்ற ஒரே பாதிரியார் இருந்தார். அவர் எழுதி வைத்த ஊர்க் கணக்குகளைக் கொண்டு வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்தத் தேவாலயத்தில் மாதாவுக்கும் புனிதர்களுக்கும் தனித்தனி நிதிகள் இருந்தன. நிதி என்றால் பெரும்பாலும் செம்மறி ஆடு. கோயில் ஆடுகளை ஊர்க் குடும்பங்கள் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தன. கம்பளியின் வருமானம் திருவுருவங்களின் முன் எரியும் மெழுகுத்திரிகளுக்குப் போனது. 1538இலும் 1547இலும் அரச ஆணைகள் உருவங்களின் முன் விளக்கேற்றுவதைக் கட்டுப்படுத்தி, பிறகு ஒழித்தன. விளக்குப் போனதும் அதற்கான ஆட்டு நிதிகளும் கலைந்தன. அவற்றோடு, ஏழை வீடும் வசதியான வீடும் முறைவைத்துப் பங்கேற்ற ஊர்ப் பொறுப்பும் கலைந்தது.

பிரெஞ்சுச் சட்டத்தில் இன்னும் நெருக்கமான இணை கிடைக்கிறது. நிலத்தோடு கால்நடையையும் குத்தகைக்கு விடும் பழைய வழக்கம் ஒன்றை 1804ஆம் ஆண்டு குடிமைச் சட்டம் 1821ஆம் பிரிவிலிருந்து வரையறுக்கிறது. அதை இரும்புக் கால்நடைக் குத்தகை என்பார்கள். குத்தகைக்காரர் பெற்ற மதிப்புக்குச் சமமான கால்நடையைக் கடைசியில் திருப்பித் தர வேண்டும். பெருக்கம் அவருக்கு. மந்தை முழுவதும் தற்செயலாக அழிந்தாலும், வேறு உடன்பாடு இல்லாதவரை, நட்டம் முழுக்க அவர் தலையில். சாவா மூவாப் பேராட்டின் விதிகளும் இவைதான். ஒருவரையொருவர் அறியாத இரண்டு உழவர் சமூகங்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன. சாகக் கூடிய உயிரைச் சாகாத முதலாக்க வேண்டும் என்றால் யாரோ ஒருவர் அந்தச் சாவின் இழப்பை ஏற்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஏற்றவர் மேய்த்தவரே.

யாருடைய கோயில்?

ஊர்க் கோயில் ஊராரை ஒன்றுசேர்த்தது என்று எழுதுவது வழக்கம். அந்த ஊராருக்குள் யார் யார் என்று கேட்காமல் அப்படி எழுதுவது நேர்மையாகாது. கல்வெட்டுகளில் இடையர் தவறாமல் வருகிறார், நெய் அளப்பவராக. கோயிலின் தீர்மானங்களில் அவருக்கு என்ன குரல் இருந்தது என்பதைக் கல்வெட்டு ஒரு பொருட்டாகக் கொள்ளவில்லை. நிலத்தில் உழைத்த அடிமட்டத்தார் பலர் கோயிலின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அவர்களுடைய உழைப்பு உள்ளே போனது, அவர்கள் போகவில்லை.

இதே குண்டாற்றின் கீழ்ப்பகுதியில் கமுதி இருக்கிறது. அங்குள்ள மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897 மே மாதம் நாடார் சமூகத்தினர் நுழைந்து வழிபட்டார்கள். கோயிலின் பரம்பரை அறங்காவலரான இராமநாதபுரம் அரசர் பாஸ்கர சேதுபதியின் பெயரால் வழக்கு நடந்தது. மதுரை நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் நாடார்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தது. வணிகத்தில் உயர்ந்த, ஊருக்குப் பொருள் கொடுத்த சமூகத்துக்குக் கோயில் கதவு சட்டத்தின் பெயராலேயே மூடப்பட்டது. 1939 ஜூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்றார்கள். அதன் பிறகே இந்தக் கதவுகள் சட்டப்படி திறக்கத் தொடங்கின.

இந்த வரலாறு இடைக்காலக் கொடைகளின் மதிப்பைக் குறைக்கவில்லை. கோயிலைப் பொது நிறுவனமாக்கியது எது என்பதை இன்னும் கூர்மையாகக் கேட்க வைக்கிறது. உழைப்பாலும் பொருளாலும் கோயிலைத் தாங்கியவர்களே அதன் உரிமையாளர்கள் என்றால், பத்தாம் நூற்றாண்டின் இடையரும் இருபதாம் நூற்றாண்டில் கதவைத் தட்டியவர்களும் ஒரே உரிமையின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள்.

பெருங்கோயிலின் வாயிலுக்கு வெளியே இந்தச் சீமையில் இன்னொரு வழிபாட்டு உலகம் எப்போதும் இருந்திருக்கிறது. கண்மாய்க் கரை ஐயனார், எல்லைக் கருப்பர், குலதெய்வ வீடு. அங்கே ஆடு நெய்யாக மாறுவதில்லை. நேர்ந்துவிட்ட கிடாயாகவே போகிறது. பள்ளிமடத்துக் கோயிலுக்கு நெய் அளந்தவர்களைப் போன்ற எளிய குடியினர் தங்கள் தெய்வத்தின் முன் பூசாரியாகவும் சாமியாடியாகவும் நிற்கிறார்கள். கோயில் வரலாறு என்று எழுதும்போது இந்த இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஊர் முழுமையாகும்.

கொடை மரபின் தொடர்ச்சி

அரசுகள் மாறின, கொடையின் வடிவமும் மாறியது. மருது சகோதரர்கள் பிறந்த முக்குளம் நரிக்குடிக்குப் பக்கத்து ஊர். 1801 அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட அந்தச் சிவகங்கைத் தலைவர்கள் நரிக்குடியில் ஒரு சத்திரம் எழுப்பினார்கள். மதுரைப் பக்கமிருந்து இராமேசுவரம் போகும் வழிப்போக்கர் தங்கவும் உண்ணவும் இடம் வேண்டிய காலம் அது. அணையா விளக்கைப் போலவே சத்திரத்து அடுப்புக்கும் நாள்தோறும் வருமானம் வேண்டும். வழிப்போக்கருக்கு ஒரு வேளைச் சோறு என்ற வாக்குறுதியைக் கொடுத்தவர் இறந்த பின்னும் காப்பது எப்படி என்பதே அங்கேயும் கேள்வி. அந்த வகையில் பள்ளிமடத்து விளக்கும் நரிக்குடிச் சத்திரமும் ஒரே மரபு. தண்ணீர் நிலையில்லாத பூமியில் மனிதர் ஏற்படுத்திக்கொண்ட நிலையான ஏற்பாடுகள் இவை.

இன்று இந்த வட்டாரத்து ஆடுகள் நெய்க்காக வளர்க்கப்படுவதில்லை. வெம்பூர், கீழக்கரிசல் போன்ற செம்மறி இனங்கள் இறைச்சிக்கும் கிடை போடவும்தான். மேய்ச்சல் நிலத்தைச் சீமைக்கருவேல் மூடியிருக்கிறது. கண்மாய் உட்பகுதியும் புறம்போக்கும் சுருங்கியிருக்கின்றன. கோயிலுக்கு மின்விளக்கு வந்துவிட்டது. ஆடும் விளக்கும் பிரிந்து போன இந்தக் காலத்தில், அவை சேர்ந்திருந்த காலத்துக்கு எஞ்சிய ஒரே சாட்சி சுவரில் உள்ள எழுத்து.

அந்த எழுத்துக்கு இன்று இரண்டு ஆபத்து. ஒன்று அக்கறையின்மை, மற்றொன்று தவறான அக்கறை. திருப்பணி என்ற பெயரில் சுவரில் வண்ணம் அடிப்பதும், தளத்தை உயர்த்திக் கல்வெட்டுப் பட்டையைச் சிமெண்டில் புதைப்பதும், மணல் வீச்சால் கல்லைத் துலக்குவதும் ஆயிரம் ஆண்டு நின்ற எழுத்தை ஒரு வாரத்தில் தின்றுவிடும். பக்தியோடு செய்தாலும் இழப்பு இழப்புதான். 2021இல் மதுரையில் உள்ள உயர் நீதிமன்றக் கிளை, மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர ஆணையிட்டது. படிகள் பாதுகாப்பாக இருக்க வேண்டியது கட்டாயம். மூலக் கல்லோ பள்ளிமடத்தில்தான் இருக்கிறது. அதைக் காக்க வேண்டியது அந்த ஊராரும் கோயிலாரும் தொல்லியல் துறையினரும் சேர்ந்துதான்.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லாத வேலை. திருச்சுழி வட்டத்து ஒவ்வொரு கோயிலிலும் எந்தச் சுவரில் எந்தக் கல்வெட்டு இருக்கிறது என்று இடம் குறித்து, திருப்பணிக்கு முன்பே பட்டியலிட வேண்டும். வட்டாரப் பள்ளி மாணவருக்கு வட்டெழுத்தைக் காட்ட வேண்டும். தங்கள் ஊர்ப் பெயரை ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்தில் படிக்கும் பிள்ளை அந்தக் கல்லின் மேல் பெயிண்ட் அடிக்க விடமாட்டாது. கோயில் வாயிலில் இன்னின்ன நன்கொடையாளர் என்று பளிங்குப் பலகை வைக்கிறோம். அதற்குப் பக்கத்திலேயே பழைய கல்வெட்டின் பொருளை எளிய தமிழில் எழுதி, ஆடு கொடுத்தவர் பெயரையும், கல் சொல்லும் இடத்திலெல்லாம் ஆடு மேய்த்து நெய் அளந்தவர் பெயரையும் சேர்த்து வைக்க வேண்டும். அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் வரிசையில் அவர்களும் உண்டு; அந்த வரிசையில் அவர்களை எழுதுவது நம் தலைமுறையின் கடமை.